பிரேக் பிடித்தால் 'டொக்'... சத்தம் வரும் நேரத்தைக் கவனியுங்கள்!

காய் ஏற்றும் பிக்கப் வண்டியில் பிரேக் பிடிக்கும்போது சத்தம் கேட்டால், 'பிரேக் பேட் தேய்ந்திருக்கும்' என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் கோளாறு பிரேக்கிலேயே இருக்காது. காசு செலவழிக்கும் முன் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளும், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டிய அறிகுறிகளும் இங்கே...

திண்டுக்கல் மாவட்டம், பாச்சலூர் பக்கம் ஒரு மலைக் கிராமம். ஒன்றரை ஏக்கரில் சௌசௌ பந்தல். அதை நம்பித்தான் அந்தக் குடும்பம். காயைக் கீழே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக, செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கியிருந்தார்கள். சொந்தக் காய் இல்லாத நாள்களில் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் காயையும் வாடகைக்கு ஏற்றுவார்கள். கணவர் வண்டி ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மண்டிக் கணக்கைப் பார்த்துக்கொள்வார்.

கோடை மழை முடிந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வளைவில் பிரேக்கை மிதித்தால், எங்கோ அடியில் ஒரு 'டொக்'. ஆரம்பத்தில் லோடோடு இறங்கும்போது மட்டும் கேட்டது. போகப் போக வெறும் வண்டியிலும் கேட்டது. மார்க்கெட் வாசலில் பார்த்த ஒருவர், "பேட் போயிருக்கும், மாத்திருங்க" என்றார். ஒரு லோடு காய் விற்ற காசில் முன் சக்கரங்களுக்குப் புது பேட் போட்டார்கள். சத்தம் போகவில்லை. அடுத்து பிரேக் ஆயில் மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று பழகிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டை ஏற்றி வைத்தால் சத்தம் காதில் விழுவதில்லை.

ஒருநாள் காய் பறித்து, மூட்டை பிடித்து, வண்டி நிறைய ஏற்றிக் கிளம்பினார்கள். ஊர் முக்கைத் தாண்டும் முன் மனைவி சொன்னார்... "என்னங்க, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. பிரேக் பிடிக்கறப்ப மட்டும் இல்ல, கிளம்பறப்பவும் ஒரு தடவை இடிக்குது. நமக்குப் பின்னாடிதான் கேக்குது."

முக்கில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "எப்ப வருது? மிதிச்ச உடனேயா, நிக்கறப்பவா? ரிவர்ஸ்ல வருதா? ஹேண்ட் பிரேக் போட்டா வருதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். அப்புறம், "பந்தலுக்குக் கட்டுற கயிறு இருக்கா தம்பி?" என்றார்.

முன் சக்கரங்களை நேராக வைக்கச் சொல்லி, இடப்பக்கம் முன் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து பின் சக்கரத்தின் நடு மையம் வரை கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை வலப்பக்கம் வைத்துப் பார்த்தால், இரண்டு விரல் அளவு வித்தியாசம். குனிந்து பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்துப் பட்டையைப் பின் அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தது. நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தது. பிரேக் பிடித்தால் அச்சின் ஒரு முனை பின்னால் நகர்ந்து இடிக்கும். கிளம்பினால் முன்னால் வந்து இடிக்கும். பிரேக் பேடுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"லோடோட மலை இறங்கக் கூடாது தம்பி. வெறும் வண்டியாக்கூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக்.

அன்றைக்கு மூட்டைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டிக்கு மாற்றி, வாடகை கொடுத்து அனுப்பினார்கள். போல்ட்டுகள் கீழேயிருந்து பஸ்ஸில் வந்து சேர மறுநாள் ஆனது. இரண்டு நாள் வருமானம் போனது. ஆனால், அந்த வண்டி அடுத்த கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

பிரேக்கில் சத்தம்... கோளாறு வேறு இடத்தில்! ஏன்?

ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது, வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. சக்கரமும் அச்சும் நிற்கப் பார்க்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் சேஸ், இன்ஜின், லோடு எல்லாம் தொடர்ந்து முன்னால் போகப் பார்க்கின்றன. இந்த இழுபறியைத் தாங்குவது பட்டை, யூ போல்ட், புஷ், பால் ஜாயின்ட், இன்ஜின் மவுன்ட் போன்ற இணைப்புகள்தான். இவற்றில் ஏதாவது ஒன்றில் இடைவெளி விழுந்திருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது அந்த இடைவெளி சட்டென்று மூடும். அந்த மோதல்தான் 'டொக்' என்று கேட்கிறது.

பாரம் கூடினால் இழுபறியும் கூடும். வேகமும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். அதனால்தான் தோட்டத்தில் மெதுவாக ஓட்டும்போது கேட்காத சத்தம், லோடோடு ரோட்டில் போகும்போது கேட்கிறது.

சத்தம் வரும் நேரமே பாதி பதில்!

மெக்கானிக்கிடம் போகும் முன், சத்தம் எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

மிதித்த உடனே, முன்பக்கம் ஒரே ஒரு 'டக்': பிரேக் பேட் அதன் இருப்பிடத்தில் ஆடுகிறது என்று அர்த்தம். பேடை இறுக்கிப் பிடிக்கும் சின்ன கிளிப் விழுந்திருக்கலாம். பேட் மாற்றும்போது பழைய கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதைப் போடாமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. காலிப்பர் நகரும் பின் தேய்ந்திருக்கலாம், அதன் போல்ட் தளர்ந்திருக்கலாம். போல்ட் தளர்ந்திருந்தால் ஆபத்து. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது மட்டும் லேசாக ஒரு 'டிக்' கேட்டால், அது பேட் இடம் மாறி உட்காரும் சத்தமாக இருக்கலாம். பல வண்டிகளில் அது இயல்பானது.

மிதித்ததும் முன்பக்கம் கனமான 'டொக்', கூடவே ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், முன் பட்டை உள்ள வண்டிகளில் பட்டையின் புஷ் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போதும், கிளம்பும்போதும் பின்பக்கம் 'டொக்': யூ போல்ட், சென்டர் போல்ட், சாக்கிள் பின், சாக்கிள் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மலைக் கிராமத்து வண்டியின் கதை இதுதான்.

நிற்கப் போகும் கடைசி நொடியில் அல்லது நின்ற பிறகு 'டொங்': கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் நீளவாக்கில் நகரும் பல் இணைப்பு ஒன்று உண்டு. அங்கே கிரீஸ் காய்ந்தால் அது சிக்கிச் சிக்கி விடும். அப்போது இந்தச் சத்தம் வரும். பல வண்டிகளில் கிரீஸ் அடித்தாலே சரியாகிவிடும். கியர் மாற்றும்போதும், கிளட்சை விடும்போதும் அதே சத்தம் வந்தால், ஷாஃப்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் அல்லது கியர் பாக்ஸ் மவுன்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் இப்படிக் கேட்கும்.

பிரேக் பிடிக்காமல், பள்ளத்தில் இறங்கினாலும் அதே சத்தம்: ஷாக் அப்சார்பர் புஷ், சாக்கிள், பாடியைச் சேஸோடு பிணைக்கும் கிளாம்ப், கேபின் மவுன்ட் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் பள்ளத்தில் சத்தம் வரும்.

சக்கரம் சுற்றச் சுற்ற 'டக்... டக்... டக்...': வேகம் குறைந்தால் சத்தத்தின் இடைவெளி கூடும். வீல் நட் தளர்வு, வீல் பேரிங் தேய்மானம், டிரம்முக்குள் உடைந்த ஸ்பிரிங், ஷூவிலிருந்து பெயர்ந்த லைனிங் ஆகியவை காரணமாக இருக்கலாம். வீல் நட்டை அந்த நிமிடமே பாருங்கள்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், வழுக்கும் ரோட்டிலோ திடீரென்று ஓங்கி மிதிக்கும்போதோ மட்டும் பெடல் படபடவென்று துடித்து, கரகரவென்று சத்தம் வந்தால் அது கோளாறு இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கருவி செய்யும் வேலை அது. சாதாரணமாக மெதுவாக மிதித்தாலும் துடித்தால், டிஸ்க் அல்லது டிரம் சீராக இல்லை என்று அர்த்தம்.

வாசலிலேயே செய்யும் சோதனைகள்!

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே செய்வது நல்லது.

1. வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சங்கிலி, காலி கிரேடு எல்லாவற்றையும் இறக்குங்கள். ஸ்டெப்னியை அசைத்துப் பாருங்கள். பின் கதவுக் கொக்கியில் ஒரு துணியைச் சுற்றி இறுக்குங்கள். இதன் பிறகு ஓட்டிப் பார்த்தால், சில வண்டிகளில் சத்தமே இருக்காது. சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக்காகப் பேட் மாற்றியவர்களும் உண்டு.

2. வீல் நட்டுகளைப் பாருங்கள். எல்லா நட்டையும் வீல் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு இருந்தாலோ, வீல் ஓட்டை நீள்வட்டமாக மாறியிருந்தாலோ, அந்த நட் தளர்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தச் சக்கரத்தின் போல்ட்டுகளையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

3. கயிறு பிடியுங்கள். சமதளத்தில், ஸ்டீயரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் கயிறு அல்லது டேப் வைத்து அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விரல் அளவுக்கு வித்தியாசம் வந்தால், ஒரு பக்கம் அச்சு நகர்ந்திருக்கலாம். வண்டி நேர் ரோட்டில் நண்டு போலச் சாய்ந்து நடப்பதும் இதன் அறிகுறிதான்.

4. பட்டையைப் பாருங்கள். யூ போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று உரசிய தடமோ, செம்மண் நிறத்தில் துருப் பொடியோ இருந்தால் அது தளர்ந்திருக்கிறது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சீராக இல்லாமல் விலகியிருக்கிறதா, எதிலாவது வெடிப்பு இருக்கிறதா, சாக்கிள் புஷ் ரப்பர் பிதுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

5. களத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆள், குழந்தை, ஆடு மாடு இல்லாத சமமான இடத்தில், வெறும் வண்டியை மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். முதலில் முன்னால், அப்புறம் ரிவர்ஸில். வெளியே ஒருவர் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, சத்தம் எந்தச் சக்கரத்தின் பக்கம் வருகிறது என்று கேட்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

6. ஹேண்ட் பிரேக் சோதனை. நடக்கும் வேகத்தில், கிளட்சை மிதித்துக்கொண்டு, கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்ல இழுங்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கிலும் சத்தம் வந்தால், கோளாறு பின்பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். கால் பிரேக்கில் மட்டும் வந்தால், முன்பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஆறையும் முடிக்க அரை நாள் போதும். இத்தனையும் பார்த்துவிட்டுப் போனால், மெக்கானிக்கிடம் 'ஏதோ சத்தம் வருது' என்று சொல்ல வேண்டியதில்லை. 'பின்பக்கம் இடது சக்கரத்தில், நிறுத்தும்போதும் கிளம்பும்போதும் வருது, ஹேண்ட் பிரேக்கிலும் வருது' என்று சொல்லலாம். தேவையில்லாத உதிரி பாகங்களை மாற்றும் செலவு இதிலேயே மிச்சமாகும்.

ஜாக்கி போடும் முன்...

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. கட்டாயம் தூக்க வேண்டுமென்றால், சிமென்ட் தளத்தில் மட்டும் செய்யுங்கள். மண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சேஸுக்கு இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் எடை தாங்காமல் சட்டென்று நொறுங்கிவிடும்.

தூக்கிய முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். அப்போது கேபினில் ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின்னில் கோளாறு. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால், டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ, கம்ப்ரஸர் காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே சரி.

இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்!

* பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது, பஞ்சு போல அமுங்குகிறது.
* பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிகிறது.
* பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.
* வீல் நட் தளர்ந்திருக்கிறது, போல்ட் உடைந்திருக்கிறது.
* கயிறு பிடித்ததில் இரண்டு பக்க அளவும் வேறுபடுகிறது.
* சத்தம் ஒரே நாளில் திடீரென்று பெரிதாகியிருக்கிறது.
* இரும்பும் இரும்பும் உரசும் கரகர சத்தம் வருகிறது.

அச்சு நகர்ந்த வண்டியில் சத்தம் மட்டும் பிரச்னை இல்லை. பின் அச்சுக்குப் போகும் பிரேக் ஹோஸும், ஹேண்ட் பிரேக் கேபிளும் சேர்ந்து இழுபடும். ஹோஸ் அறுந்தால் பிரேக் ஆயில் வெளியேறிவிடும். மலை இறக்கத்தில் அது நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

பழுது பார்க்கும்போது கேட்க வேண்டியவை

யூ போல்ட்டைக் கழற்றினால் புதியதைத்தான் போட வேண்டும். ஒருமுறை இறுக்கியதும் அதன் மரை இழுபட்டிருக்கும். மறுபடி அதே இறுக்கம் கிடைக்காது. நான்கு நட்டுகளையும் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி, வண்டித் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். புது பட்டை, புது போல்ட் போட்ட வண்டிகளில் பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான்.

பேட், லைனிங், ஷாக் அப்சார்பர் போன்றவற்றை ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கைக் கடைந்து போடச் சொன்னால், எந்தக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற அளவு டிஸ்க்கின்மேலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். எது, எப்படித் தேய்ந்தது என்று அடுத்த முறை புரியும்.

வேலை முடிந்ததும் லோடு ஏற்றாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் முன், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கம் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். பேட் மாற்றிய வண்டியில் முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும்.

பாரம்... சத்தத்தின் வேர்!

பட்டை, புஷ், யூ போல்ட் எல்லாம் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம், அளவுக்கு மீறிய பாரம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடை அளவு, வண்டி, ஓட்டுநர், லோடு எல்லாவற்றையும் சேர்த்தது. மார்க்கெட் பக்கத்து எடை மேடையில் ஒருமுறை லோடோடு ஏற்றிப் பார்த்தால், 'இத்தனை மூட்டைதான்' என்ற கணக்கு கிடைத்துவிடும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, அளவு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. நாலு மூட்டை கூடுதலாக ஏற்றிச் சம்பாதிப்பதை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலை இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் இறக்கி டீசலை மிச்சம் பிடிக்க நினைத்தால், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். கால் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்காமல், மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

'பட்டையில் சத்தம் வராமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கிறோம். சரியா?'
- தேனி மாவட்ட வாசகர்

வேண்டாம். ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுவிடும். தெறித்து டிரம்மிலோ டிஸ்க்கிலோ பட்டால் பிரேக் பிடிப்பு குறையும். ஆயிலில் ஒட்டும் மண், பட்டைகளை இன்னும் வேகமாகத் தேய்க்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள சாக்கிள் பின்களுக்கு மட்டும் கிரீஸ் கன் வைத்து அடியுங்கள். கிராஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் நிப்பிள்களையும் மறக்காதீர்கள். சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி ஏறும் வண்டிக்கு, கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே கிரீஸ் தேவைப்படும்.

'பின்பக்கம் ரொம்ப அமுங்குவதால் கூடுதலாக ஒரு பட்டை போடலாம் என்கிறார்கள். போடலாமா?'
- ஈரோடு மாவட்ட வாசகர்

கூடுதல் பட்டை போட்டால் வண்டி ஏற்றும் சட்டப்படியான பாரம் கூடிவிடாது. அச்சும் பிரேக்கும் பழைய அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் வால்வு இருக்கும். பட்டையை விறைப்பாக்கினால், லோடு இருந்தாலும் 'வண்டி காலி' என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் போதாமல் போகும். பட்டை தளர்ந்து வளைவு போயிருந்தால், அதே அளவுள்ள புதிய செட் போடுவதுதான் வழி.

'பேட் மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. இப்போதுதான் புதிதாக டக் என்று சத்தம் வருகிறது. பழகினால் போய்விடுமா?'
- கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

புது பேடில் சில நாள்கள் லேசான கீச் சத்தம் வருவதுண்டு. ஆனால், 'டக்' என்ற மோதல் சத்தம் பழக்கத்தில் போகாது. கிளிப் போடாமல் விட்டிருக்கலாம், காலிப்பர் போல்ட் சரியாக இறுகாமல் இருக்கலாம், அளவு மாறிய பேட் போட்டிருக்கலாம். மாற்றிய இடத்துக்கே கொண்டுபோய் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை லோடு ஏற்ற வேண்டாம்.

'டிரம்மைக் கடைந்து போட்ட பிறகு, மெதுவாக நிறுத்தும்போது மட்டும் பின்னால் டிக் டிக் என்கிறது. ஏன்?'
- திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

கடைசலில் டிரம்மின் உள்ளே மரை போலக் கோடு விழுந்திருக்கலாம். ஷூ அந்தக் கோட்டில் ஒரு பக்கமாக ஏறி, சட்டென்று திரும்பி விழும். அப்போது இந்தச் சத்தம் வரும். டிரம்மை மறுபடி நைஸாகத் தேய்த்துச் சீராக்கினால் போய்விடும். ஷூவைப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பாச்சலூர் பக்கத்துக் குடும்பத்தின் வண்டி இப்போது சத்தமில்லாமல் மலை இறங்குகிறது. புது யூ போல்ட் போட்டுச் சில நாள் ஓடியதும், மெக்கானிக் சொன்னபடி திரும்பப் போய் நட்டுகளை இறுக்கிக்கொண்டார்கள். இரண்டு நட்டு கால் சுற்று இறங்கியது.

மண்டிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். கிரீஸ் அடித்த தேதி, நட்டு இறுக்கிய தேதி, கயிறு பிடித்துப் பார்த்த தேதி. மாதத்தின் முதல் லோடு ஏற்றும் முன், முடிச்சுப் போட்ட அந்தக் கயிறு வண்டியின் இரண்டு பக்கமும் ஒருமுறை போய் வருகிறது. அளவு சரியாக இருந்தால்தான் மூட்டை ஏறுகிறது.